வேனில் ஏறிய ஆர்கன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அங்கே குளிர் குறைந்துவிட்டது, வேலை ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல் வரவில்லை, விட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், என் முதுகைத் தவிர. அது ஏன் வலிக்கிறது என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

வேன் சும்மாதானே நிற்கிறது, விற்றுவிடலாமே என்று கேட்டிருந்தாய். அது சும்மா நிற்கவில்லை. போன சனிக்கிழமை அது சுமந்த சுமையைப் பார்த்திருந்தால் நீயே அதற்கு ஒரு சலாம் போட்டிருப்பாய். அதை ஓட்டியவளுக்கு இரண்டு.

உன் மனைவி ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கப் போவாளே, அந்த நடன அரங்கை மூடிவிட்டார்கள். கட்டடம் கைமாறிவிட்டது. நீ போன பிறகு அவள் ஆசையாகத் தலைவாரிக்கொண்டு கிளம்பிய ஒரே இடம் அதுதான். சேதி வந்த அன்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்தாள். மறுநாள் அரங்கு மேனேஜர் கூப்பிட்டு, "அந்த ஆர்கனை உங்களை விட்டா வேற யாரும் தொடுறதில்ல. வேணும்னா எடுத்துட்டுப் போங்கம்மா. சனிக்கிழமைக்குள்ள எடுக்கலைன்னா உடைச்சுத் தூக்கிப் போட்டுருவாங்க" என்றாராம்.

நான் என்னமோ மடியில் வைத்து வாசிக்கிற பெட்டி என்று நினைத்து, "அதுக்கென்ன, கொண்டு வாம்மா" என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். நீ அந்த அரங்குக்குப் போனதில்லை என்பதால் விவரமாகச் சொல்கிறேன். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள். காலால் மிதித்து வாசிக்க அடியில் மரக்கட்டைகள் தனி. உள்ளே வரிசையாக இரும்புச் சக்கரங்கள். நாலு பேர் மூச்சைப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் எழும்புகிறது. இதற்கு ஜோடியாக ஒரு ஸ்பீக்கர். பெயர்தான் ஸ்பீக்கர், ஆள் இடுப்பைத் தாண்டிய மர அலமாரி. அதற்குள் மேலே ஒரு குழலும் கீழே ஒரு உருளையும் சுற்றுகின்றன. பாட்டு ஒரே இடத்திலிருந்து வராமல் சுழன்று வர வேண்டுமாம். இந்த இரண்டும் நம் வேனில் வரப்போகின்றன என்றதும் உன் அப்பா, "யானையைக் கட்டித் தீனி போடுற வீடா இது?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவள் வாதாடவில்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் வேனின் பின்வாசலை அளந்தாள். முன்னறையில் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு, "மாமா, ஆர்கன் இவ்வளவு இடம்தான் பிடிக்கும். உங்க நாற்காலி அங்கேயேதான் இருக்கும்" என்றாள். அவர் போய் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருடைய கவலை அந்த நாற்காலியைப் பற்றித்தான் என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்த எனக்கே தெரியாமல் போயிற்று!

வேனின் பின் இருக்கைகளை அவளே கழற்றினாள். போர்வைகள், கட்டுகிற பெல்ட்டுகள், பக்கத்துத் தச்சுப்பட்டறையில் கேட்டு வாங்கிய இரண்டு தடித்த பலகைகள் என்று எல்லாம் சேர்ந்தன. கடைசியாக உன் கட்டில் மெத்தையையும் சுருட்டி ஏற்றினாள். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொடுத்தேன்.

நானும் உன் அப்பாவும்கூடக் கிளம்பினோம். துணைக்கு எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் மைத்துனரும் வந்தார்கள். எலக்ட்ரீஷியனைத்தான் உனக்குத் தெரியுமே, தெருவில் எல்லோரும் 'மின்னல்' என்று கூப்பிடுகிற ஆள். ஒரு பல்பு மாற்ற அரை நாள் எடுத்துக்கொள்வார்.

அரங்கில் போய் இறங்கியதும் ஆளாளுக்கு ஒரு யோசனை. மின்னல் அதைப் படுக்க வைக்கலாம் என்றார். மேனேஜர் நிமிர்த்தி நிறுத்தலாம் என்றார். இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஆர்கனின் பின்பலகையைத் திறந்தாள். பயணத்தில் ஆடாதபடி உள்ளே சக்கரங்கள் இருக்கும் தட்டைத் திருகி இறுக்கினாள். மிதிகட்டைகளைத் தனியாகத் தூக்கினாள். ஸ்பீக்கருக்குள் கைவிட்டுக் குழலையும் உருளையையும் துணி நாடாவால் கட்டினாள், குழந்தைக்குச் சடை பின்னுவது மாதிரி. பிறகு எழுந்து, "நான் சொல்றப்போ மட்டும் தள்ளுங்க. நான் நிறுத்துன்னா யாரா இருந்தாலும் நிறுத்தணும்" என்றாள். வீட்டில் உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல்தான், கண்ணா. ஆனால் அத்தனை ஆண்களும் கேட்டார்கள்.

பாதி ஏறியபோது பலகை வில்லாக வளைந்தது. "நிறுத்து" என்றாள். நின்றது. வேனின் மாற்றுச் சக்கரத்தை உருட்டிவந்து பலகைகளுக்கு நடுவில் அடியில் படுக்கப் போட்டாள். மேலே செங்கல் அடுக்கி இடைவெளியை அடைத்தாள். மறுபடி தள்ளினார்கள். கூரைக்கும் ஆர்கனுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான். அதை முன் இருக்கைகளை ஒட்டினாற்போல் நெருக்கி வைத்து, நடுவில் உன் மெத்தையைத் திணித்தாள். "பின்னால வச்சா பாரம் சமமா இருக்குமே" என்றார் மின்னல். "பிரேக் போட்டா ஓடி வந்து எங்க முதுகுல இடிக்கும்ணே. ஓடுறதுக்கு இடமே கொடுக்கக் கூடாது" என்றாள். மின்னல் அன்று முதல் முறையாக ஒரு வேலையை வேகமாகச் செய்தார்; தலையாட்டினார்.

ஸ்பீக்கரையும் மிதிகட்டைகளையும் ஆர்கனுக்குப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். முன் இருக்கையில் நான்தான் அவள் பக்கத்தில். என் பிடரிக்குப் பின்னால் அந்த மலை. உன் அப்பாவும் மற்றவர்களும் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். ஆற்றுப்பாலத்தின் ஏற்றத்தில் வேன் முக்கி முனகியது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "ஒதுங்கி வழி விட்டுடும்மா" என்றேன். "இந்த ஏத்தத்துல நின்னா மறுபடி கிளப்ப முடியாது அத்தை. அவர் கத்தட்டும், நாம போவோம்" என்றாள். முதல் கியரிலேயே, பால்குடத்தைத் தலையில் வைத்து நடப்பவள் மாதிரி ஓட்டினாள்.

இறக்கத்தில்தான் சோதனை. சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அலறவும் இல்லை, பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் இல்லை. முன்னால் அவ்வளவு இடம் விட்டு வந்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. பின்னால் மரம் ஒருமுறை முனகி அடங்கியது. கண்ணைத் திறந்தபோது ஸ்கூட்டர்காரன் போய்விட்டிருந்தான். அவள் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிய பிடியை அடுத்த கியர் போடும் வரைக்கும் விடவில்லை. பயப்படாதவள் இல்லை, தம்பி. பயத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவள்.

வீட்டு வாசலில் கம்பிக்கதவு இடித்தது. கதவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைத்தோம். கோட்டுக்கு அங்குலம் பிசகாமல் உட்கார்ந்தது. உட்காரும் பலகையை நானே தூக்கிவருகிறேன் என்று வீரம் காட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது அப்போதுதான்.

கட்டிய நாடாக்களை அவிழ்த்து, இறுக்கிய திருகுகளைத் தளர்த்தி, ஸ்பீக்கரோடு இணைத்தாள். சுவிட்சைப் போட்டாள். சத்தமே இல்லை. மின்னலின் முகம் தொங்கிவிட்டது. உன் அப்பா என்னைப் பார்த்தார். அவளோ மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அடுப்பே சூடாக நேரம் எடுக்குது, இதுக்கு அவசரப்பட்டா எப்படி?" என்றாள். பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள்.

அதை எப்படி எழுதுவது? ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொண்டன. உன் மகள் தரையில் குப்புறப் படுத்து, "தாத்தா, தரை பாடுது" என்று கத்தினாள். இரண்டு வருஷமாக எதுவும் சரியாகக் காதில் விழாமல் சிடுசிடுத்துக்கொண்டிருந்த உன் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். நின்றவர் நகரவே இல்லை. கண் கலங்கியிருந்தது. கேட்டால் தூசி என்கிறார்.

மாமியார் மெச்சிய மருமகள் உண்டா என்பார்கள். சொன்னவர்கள் எங்கள் வேனில் வரவில்லை.

இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். வேறொரு ஊரில் இருக்கும் இசைக்குழுவிலிருந்தும் அவளை வாசிக்கக் கூப்பிட்டு ஆள் வந்து போனார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். உன்னைப் பற்றி நான் பேச்செடுத்தால் கேட்டுக்கொள்கிறாள். அவளாக எடுப்பதில்லை. உன் கடிதத்தின் கடைசியில் 'அவளையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று எழுதுகிறாயே, அந்த வரியை இந்த முறை நான் அவளிடம் வாசித்துக் காட்டவில்லை.

இவ்வளவு கனமான சாமான் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி அவள் எங்கும் போகமாட்டாள் என்று உன் அப்பா தைரியமாகச் சொல்கிறார். அவர் ஆட்டோவில் வந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

நல்லபடியாக இரு, நூறு வயசு இரு. அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, கண்ணா. அவளுக்கு எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா