மூங்கில் பிரஷ்ஷில் ஒரு இழை

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள். செம்பூர் வீட்டில் குளியலறைக் கண்ணாடி இன்னும் உங்கள் உயரத்தில்தான் மாட்டியிருக்கிறது. அம்மாவுக்கு அதில் நெற்றி மட்டும் தெரிகிறது. இறக்கி மாட்டச் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஏன் சொல்லவில்லை?

போன வருடம் மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் மேசை போட ஆரம்பித்தேன். தேங்காய் நார் ஸ்க்ரப்பர், சோளமாவுப் பை, பல் தேய்க்க மூங்கில் பிரஷ். அட்டையில் என் கையெழுத்து: முழுக்க முழுக்கச் செடி. சரக்கு அனுப்பியவர் சொன்னார், நம்பினேன். முதல் பிரஷ் உங்களுக்கு.

அதோடு சண்டையும் போட்டேன். "தாராவியில உக்காந்து பழைய பிளாஸ்டிக்கக் கொளுத்திக் கொளுத்தி மோந்து பாத்து தரம் பிரிக்கிறீங்களே, அந்தப் புகைதான்ப்பா உங்க இருமல். உங்க தொழிலே விஷம்."

நீங்கள் இருமிக்கொண்டே சிரித்தீர்கள். "சரிட்டி. நீ செடி வித்துப் பெரியாளாவு."

பதினாறாம் நாள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரித்த இசக்கி மாமா வந்தார். மூலையில் என் பிரஷ் பெட்டியைப் பார்த்தார்.

"ஏட்டி, இதையா இன்னும் செடின்னு விக்க? ஒங்கப்பன் அன்னைக்கே ஒரு இழையப் பிடுங்கிக் கொளுத்திட்டாம்லா. செடின்னா சாம்பலாவணும். இது உருகி உருண்ட கட்டிட்டு. நைலான் சரக்கு."

"அப்பா என்ன சொன்னாங்க மாமா?"

"லே இசக்கி, பிள்ளைட்ட மூச்சு விட்டே, கொன்னுருவேன்னான்."

அவர் போனதும் தீக்குச்சி கிழித்தேன். உருகியது. கைப்பிடி மட்டும் மூங்கில். வாய்க்குள் போவது பிளாஸ்டிக்.

ஒரு சொல் போதுமே அப்பா. நான் விஷம் என்றபோது அந்த ஒரு இழையைக் காட்டியிருந்தால் வாயடைத்திருப்பேன். நீங்களோ தினமும் காலையில் அதே பிரஷ்ஷால் பல் தேய்த்தீர்கள். என் தவறை உங்கள் வாயில் வைத்துக்கொண்டு.

நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? அல்லது, எம்.ஏ. படித்தவள் பிளாஸ்டிக்காரன் பேச்சை நம்புவாளா என்றா?

இரண்டாவது கேள்வியோடு படுக்க முடியவில்லை.

இந்த ஞாயிறு அட்டையை மாற்றினேன். கைப்பிடி மூங்கில். இழை நைலான். வீசுமுன் பிடுங்கிவிடவும். வாராவாரம் வரும் மாமி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன்டி, அப்போ நான் வாங்கிண்டு போனது?"

"அதுவும் நைலான்தான் மாமி. எனக்கே தெரியாது."

"செடி செடின்னு அவ்ளோ லெக்சர் குடுத்தியேடி! இப்போ யார் சொன்னா?"

"எங்கப்பா."

"அவர் என்ன டென்டிஸ்டா?"

கல்லூரியில் உங்கள் வேலை என்னவென்று யார் கேட்டாலும் 'பிசினஸ்' என்று முடித்துவிடுவேன். உங்களுக்கு அது தெரியுமா? தெரிந்திருக்கும்.

"இல்ல மாமி. தாராவியில பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவர்."

பிரிக்கிறவர் என்றுதான் வந்தது. பிரித்தவர் என்று திருத்த முடியவில்லை. மாமி பிரஷ்ஷைத் திரும்ப வைத்துவிட்டு ஸ்க்ரப்பர் மட்டும் எடுத்துக்கொண்டார்.

இனி நானே கொளுத்திப் பார்க்காத எதையும் செடி என்று சொல்லமாட்டேன். யார் கேட்டாலும் உங்கள் வேலையை முழுதாகச் சொல்வேன். உங்கள் காதுபட ஒருமுறை சொல்லியிருக்கலாம், அப்பா.

உங்கள் மகள்,
செல்வி