அப்பாவின் நாற்காலியில் கேக் பெட்டி

டிசம்பர் 26

என் வாயாடித் தங்கைக்கு,

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா நலம். நாங்கள்தான் தலைகுனிந்து நிற்கிறோம்.

நேற்று கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தோம். என் மேலாளரை முதன்முறையாகச் சாப்பிட அழைத்திருந்தேன். பதவி உயர்வு விஷயம், உனக்குத் தெரியுமே. நான் ஒரு காரில், உன் அண்ணி அவள் தம்பி காரில். பரிமாறியாயிற்று. மேலாளர் மட்டும் தட்டில் கை வைக்கவில்லை. "ஜெபம் பண்ணிட்டுத்தானே சாப்பிடுவீங்க? அதுக்குத்தான் காத்திட்டிருக்கேன்" என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. எங்கள் வாயிலோ ஏற்கெனவே சோறு.

"அப்பாதான் சொல்லுவாங்க" என்று திரும்பினேன். அவர் நாற்காலியில் கேக் பெட்டி இருந்தது.

என் காரில் வருகிறார் என்று உன் அண்ணியும், அவளோடு வருகிறார் என்று நானும் நினைத்திருக்கிறோம். ஓடினேன். பூட்டப்போகும் ஆலயத்தில், குழந்தை இயேசுவை வைத்திருந்த குடிலுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் இல்லை. நீ எழுதினால் பேசுவாரோ என்னவோ.

உன் அண்ணன்

ஜனவரி 2

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெற்ற தகப்பனை விட்டுவிட்டு எப்படி அண்ணா சோறு இறங்கியது? உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். நீங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் வீடியோவில் அழைத்தவள் நான். மேஜையைக் காட்டு என்றேன், அண்ணியின் புடவையைக் காட்டு என்றேன். அப்பா எங்கே என்று கேட்கவில்லை.

நான் எழுதி அவரைப் பேசவைக்க மாட்டேன். நீயே போய் அவர் பக்கத்தில் உட்கார்.

வாயடைத்துப்போன உன் தங்கை

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

உட்கார்ந்தேன். "தப்புதான்ப்பா, உங்களை விட்டுட்டு வந்துட்டோம்" என்றேன். அப்பா வாய் திறந்தார்.

"என்னை மட்டுமாடா விட்டுட்டு வந்தீங்க?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. குடிலுக்கு முன்னால் அவர் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. யாருடைய பிறந்தநாளோ, அவர் பெயரை அன்று நம் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

நேற்றுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "நீ சொல்லு" என்றார். ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்து நின்றேன். அப்பா எடுத்துக்கொடுக்கவில்லை. கண்ணை மூடியபடி, நான் முடிக்கும்வரை தட்டைத் தொடாமல் காத்திருந்தார்.

அண்ணன்