திரும்பிப் பார்க்காதே

மாமாவுக்கு,

சுண்ணாம்புக்கல் எடுத்த பழைய பள்ளத்தில், பாறைமேல் ஏற்றி ஓட்டுகிற, சீட்டே இல்லாத அந்த ட்ரையல்ஸ் பைக்கில் என்னை ஏற்றிவிட்டீர்கள். "நின்னுக்கிட்டே ஓட்டு, முட்டிய மடக்கு, திரும்பி மட்டும் பார்க்காத" என்றீர்கள். அம்மனை வேண்டிக்கொண்டு எதிரே தெரிந்த பாறையையே பார்த்தேன். கால் தரையில் பட்டால் தப்பு என்பதால், பட்டதையெல்லாம் நோட்டில் எழுதினேன். முதல் நாள் நாற்பத்தொரு தடவை, போன வெள்ளிக்கிழமை ஆறே தடவை.

நேற்று உங்கள் அக்கா போனை நீட்டினார். நான் விழுந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் குரூப்பில் வீடியோவாக ஓடியது. "பாருங்க, எருமை மலையேறுது!" என்று அதில் எனக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல்.

"அரியலூர் வரைக்கும் எல்லாரும் பார்த்துட்டாங்கடி" என்று அக்கா சிரித்தார்.

நான் விழாமலிருக்கத்தான் திரும்பாதே என்கிறீர்கள் என்று நம்பினேன், மாமா.

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. வண்டிச் சாவி என்னிடம். பள்ளத்துக்குத்தான் போகிறேன், பின்னால் வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி