எதிர் நாற்காலி

ஜூலை 3

என் ஆராய்ச்சிக்காக ஆறாம் வகுப்பில் இன்று மூன்று மணி நேரம். மேசைமேல் ஒரு கெட்டில், ஒரு குடுவை, ஒரு அட்டைப்பெட்டி. பிள்ளைகள் இந்தப் பக்கம். எதிரே ஒரு காலி நாற்காலி. “அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு இது எப்படித் தெரியும்? எழுந்திரிக்காம வரைங்க.” அவ்வளவுதான் தேர்வு. அதற்கே பென்சிலைக் கடித்துக்கொண்டு முழிக்கிறார்கள்.

இரண்டு பிரிவுகள்; யாருடைய பாடமுறை நல்லது என்று ஒப்பிடவேண்டும். ‘அ’ பிரிவின் அறிவியல் ஆசிரியருக்குச் சுற்றல் வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். நிலவோ நிழலோ, எதை நடத்தினாலும் பிள்ளைகளை எழுப்பி மேசையைச் சுற்றி நடக்கவிடுகிறார். வகுப்பா அது, சந்தைக்கடை! யாராவது தப்பாகச் சொன்னால் உடனே ஒரு கொஞ்சல் - “பரவால்ல, முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.” இருபது வருடமாக இப்படியே ஒப்பேற்றியிருக்கிறார். ‘ஆ’ பிரிவில் புத்தகம், கரும்பலகை, அமைதி. முடிவை இப்போதே எழுதிவைத்துவிடலாம்.

ஜூலை 4

திருத்துவதற்கு விடைப்படம் எடுத்தாயிற்று. மகள் போனைக் கீழே போட்டதில் பின்பக்கக் கேமரா போய்விட்டது. முன்பக்கக் கேமரா பொருள்களைப் பார்க்கும்படி போனை எதிர் நாற்காலியில் சாய்த்துவைத்து எடுத்தேன். பின்சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையும் படத்தில் விழுந்திருந்தது; அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன். ஐந்து நிமிட வேலை. இதற்குப் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படம் வரைந்திருப்பார் அந்தச் சுற்றல் வாத்தியார்.

ஜூலை 9

‘ஆ’ பிரிவு: நாற்பதில் இருபத்தொன்பது பேர் சரி. ‘அ’ பிரிவு: நாற்பத்தொன்றில் மூன்று!

சிரித்துவிட்டேன். ‘ஆ’ பிள்ளைகள் முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளி அழகாக வரைந்திருக்கிறார்கள். சுற்றலின் பிள்ளைகளோ கெட்டிலை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். இடது எது, வலது எது என்றுகூடத் தெரியாதவர்கள். சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துவிட்டது போல.

ஜூலை 16

அறிக்கை கொடுத்தாயிற்று. என் பேராசிரியருக்கு ஏக மகிழ்ச்சி. அடுத்த மாத மாநாட்டில் நானே வாசிக்கவேண்டுமாம். நிரந்தர வேலைக்கும் இது உதவுமாம். தலைமையாசிரியை அதைவிட வேகம். “அவர்கிட்டேர்ந்து அறிவியலை எடுத்துடறேன். நூலகத்துல உக்காரட்டும். பசங்களாவது பொழைச்சுப்பாங்க.”

நல்லது.

ஜூலை 18

சுற்றல் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கையில் பிள்ளைகளின் படக்கட்டு.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்? நீங்க அந்த நாற்காலியில உக்காந்து பாத்தீங்களா?”

“எதுக்கு சார்? அங்கேர்ந்து எடுத்த போட்டோ இருக்கு.”

“இருக்கட்டும். ஒரே ஒரு தடவை உக்காருங்களேன்.”

என்ன திமிர்! முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு நாற்காலியில் உட்காரச் சொல்லித்தருகிறார். வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

ஜூலை 19

உட்காரவில்லை. எதற்கு உட்காரவேண்டும்?

ஜூலை 23

மாநாட்டுக்காக வெட்டாத படத்தைத் திறந்தேன். சுவர் அட்டவணையின் எழுத்தெல்லாம் தலைகீழ் - இல்லை, தலைகீழ்கூட இல்லை. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக.

ஐயோ.

முன்பக்கக் கேமரா. என் முகத்தை எடுத்தாலே வகிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக் காட்டுகிற சனியன். தினமும் பாக்கறேனே! இடம் வலம் எப்படிப் புரியுதுன்னு ஆறு வருஷமா ஆராய்ச்சி பண்றேன் - நானா இதைப் பண்ணினேன்? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

பள்ளிக்கூடம் விட்டதும் போனேன். வகுப்பில் யாரும் இல்லை. அதே இடத்தில் மூன்றையும் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கெட்டில் வலப்பக்கம் இருந்தது, சுற்றலின் பிள்ளைகள் வரைந்ததுபோலவே.

ஜூலை 24

மறுபடி திருத்தினேன். ‘அ’ பிரிவில் முப்பத்தாறு சரி. ‘ஆ’ பிரிவில் ஆறு. நான் பாராட்டிய இருபத்தொன்பது பேரும் இடம் வலத்தை மாற்றவே இல்லை. முன்னதைப் பின்னால் தள்ளியதோடு சரி.

பேராசிரியரிடம் சொன்னேன். “ஒரு பள்ளிக்கூடம்தானேம்மா, விடு. போட்டோவை யார் கேக்கப்போறாங்க?” இந்த மனிதரின் ஒரு தலையாட்டலுக்காக ஆறு வருடம் காத்துக்கிடந்தேன். தூ. அவரை மட்டும் சொல்வானேன்? யாரும் கேட்கமாட்டார்கள்தானே என்று ஒரு மணி நேரம் நானும் யோசித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

நூலகத்தில் சுற்றல் வாத்தியார் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபிறகு தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். பிழை என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூலை 30

மாநாட்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை. நிரந்தர வேலை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6

‘அ’ பிரிவுக்கு அவர் திரும்பிவிட்டார். இன்று என்னைக் கூப்பிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாக்கியமெல்லாம் தயார்செய்துகொண்டு போனேன். அவருக்கு அதற்கு நேரமில்லை. “அந்த போனைக் கொஞ்சம் தாங்க மேடம். இன்னிக்குப் பாடமே அதுதான்.”

நாற்பத்தொரு பேர் மேசையைச் சுற்றினார்கள். என் போன் கைமாறியது, ஒரு கண்ணாடி கைமாறியது, ஒரே இரைச்சல். போன் எப்படி ஏமாற்றியது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி போனைத் திருப்பிக்கொடுக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“பரவால்ல மிஸ். முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் வரும்.”