அண்ணனைச் செதுக்கி எடுத்த வாரம்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காற்றில் ஒரே புழுதி. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பத்து நாளில் நான்காவது முறை. மடியில் பிரேம். கால் மரத்துப்போனது.

அங்கே புதைபடிவ மியூசியத்தில் எனக்குக் கொடுத்திருப்பது கல்லாகிப்போன நத்தைகளுக்கு அடுத்த அறை. பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றிப் பதினெட்டு மர அச்சுப் படங்கள். மூன்று வருட வேலை.

பாக்கி: பெயர் அட்டை, ஆணி, இரண்டு கண்ணாடி, தலைவலி மாத்திரை.

பெரிய படம் வாசலுக்கு நேரே. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணன் பெட்டியோடு, பக்கத்தில் அண்ணி. ஏழு வருடம் முன்பு அண்ணன் மலேசியா கிளம்பிய காலை. கண்காட்சி அழைப்பிதழிலும் அதுதான்.

மியூசியம் அதிகாரி: "இது ஒண்ணு போதும் மேடம். மத்ததெல்லாம் சும்மா."

பாராட்டுத்தான் போல.

ஜூலை 9, புதன்

பள்ளியில் நான்கு ஓவிய வகுப்பு. தொண்டை போய்விட்டது. மாலை வாலிகண்டபுரம், அம்மாவுக்கும் அண்ணிக்கும் அழைப்பிதழ் கொடுக்க.

அம்மா, படத்திலிருந்த மகன் முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "எளச்சிட்டாண்டி."

கிளம்பும்போது அண்ணி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"எதை அண்ணி?"

"நான் நிக்கிறத ஊருக்கே காட்டலாமான்னு."

கேட்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பிறகு சொன்னார். அண்ணனுக்கு அங்கே வேறு குடும்பம். பெண் குழந்தை, மூன்று வயது. அங்கிருந்து வந்த ஒருவர் போனில் போட்டோ காட்டினாராம். அண்ணிக்குத் தெரிந்து ஒரு வருடம் ஆகிறது.

"அத்தைக்குத் தெரியாது. சொல்லிப்புடாத."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஏறியிருக்கக் கூடாது.

ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. அண்ணன் எண்ணுக்கு ஆறு முறை அடித்தேன். எடுக்கவில்லை.

அதிகாரியிடம் பெரிய படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இன்விடேஷன் போயிடுச்சே மேடம். நாளன்னைக்குத் திறப்பு."

ஆனாலும் அண்ணிக்குப் போன் செய்து, எடுத்துவிடுகிறேன் என்றேன். பின்னால் குக்கர் விசில்.

"என்னைய எதுக்கு எடுக்கிற? நான் அங்கதான நின்னேன். அவரை எடு."

பலகையில் செதுக்கிய இடத்தில் மை ஏறாது, தாளில் வெள்ளையாக நிற்கும். எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாது. இதை அண்ணியிடம் சொன்னேன்.

"தெரியுது, எடு."

ஜூலை 12, சனி

மேகமூட்டம். விடிந்ததும் உட்கார்ந்தேன். பெரிய படத்தின் பலகை, அரும்பாவூரில் வாங்கிய வாகை. மணிக்கட்டு வீக்கம்.

முதலில் பெட்டி. பிறகு செருப்பு, பேன்ட், சட்டை. முகத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். எட்டாம் வகுப்பு வரை என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு மிதித்தவன். இரண்டு முறை உளியைக் கீழே வைத்தேன். மூன்றாம் முறை வைக்கவில்லை.

கோபம் வரும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

மூன்று பிரதி எடுத்தேன். இரண்டில் மை அப்பிவிட்டது. மூன்றாவது தேவலாம். அண்ணி. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளை. ஃபேனுக்குக் கீழே காய்கிறது. சாப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஈர மையோடு முதல் பஸ். மாட்டி முடிக்கும்போதே ஆட்கள். அதிகாரி வெள்ளை இடத்தைப் பார்த்தார், கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். பேச்சு, பொன்னாடை, காபி.

பதினொன்றரைக்கு அண்ணி வந்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவை நான் எதிர்பார்க்கவில்லை. நேரே பெரிய படத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எம்புள்ள எங்கடி?"

நான் பெயர் அட்டையை நேராக்கினேன்.

அண்ணிதான் சொன்னார்: "அவரு இன்னும் வரலைங்க அத்தை. நான் முன்னாடியே வந்து நிக்கிறேன்."

அம்மா தலையாட்டினாள். பிறகு படத்தை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னது போதும். வா, வூட்டுக்குப் போவலாம்."

மற்ற படங்களை அவர்கள் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.