குருவிடம் கொடுத்த கடிதம்

என் கண்ணான பேரனுக்கு,

உன் அண்ணன் இன்ஜினியர் ஆகிவிட்டான். தங்கை நர்சிங்கில் முதலாவதாக வந்தாள். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினான். ஆனாலும், குருவின் பக்கத்திலேயே இருக்கும் சீடன் என்று உன்னைத்தான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன்.

இப்போது தெருவில் வேறு பேச்சு. "குருவுக்கும் உங்க பேரனுக்கும் முட்டிக்கிச்சாமே பாட்டி?" என்று தையல்காரி கேட்டாள். "முதல்ல உன் வாயைத் தைச்சுக்கோடி" என்று சொல்லிவிட்டு ஆசிரமத்துக்கு ஓடினேன். "உங்க பேரன் மௌன விரதத்துல இருக்கார், பார்க்க முடியாது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் நீ.

குரு சொன்னாரென்று மருந்தை நிறுத்திய இருவர் இறந்துபோனதை எனக்கு மட்டும்தானே எழுதினாய்? அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே நான்தான் அதை அவரிடம் கொடுத்தேன். "பிள்ளை குழம்பிப்போயிருக்கான் சாமி, நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று காலில் விழுந்தேன். படித்துவிட்டு மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அஞ்சாம் வகுப்போடு நின்ற புத்தியப்பா எனக்கு.

தபாலில் போட்டால் பிரித்துவிடுவார்கள் என்று, இதை அங்கே சமைக்கும் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஆசிரமத்துக்காரர்களைக் கெஞ்சியாவது புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல். பழையதை அனுப்பி ஏமாற்றுவார்கள். கையில் அன்றைய பேப்பரைப் பிடித்துக்கொள்.

உன் பாட்டி