சிவப்பாய்ப் படர்ந்த பூண்டு

நவம்பர் 2, 1974

சிட்டு, இன்று கல்லறைத் திருநாள். சுங்குவார்சத்திரத்தில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வந்தும், உன் குழி எது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. உன்மேல் மட்டும் சிவப்பாய்ப் படர்ந்திருந்த பூண்டைத்தான் அடையாளம் வைத்திருந்தேன். இப்போது மழைக்குப் பிறகு நாலைந்து சின்ன மேட்டில் அதே பூண்டு. ஒன்றாவது வேறு செடியாக இருக்காதா என்று கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பால்தான் வந்தது.

குழி வெட்டுகிற அந்தோணி சிரித்தான். "இன்னாக்கா, சித்திரப்பாலாடையப் போயி அடையாளம் வச்சிக்கினு கீறியே! மண்ணக் கிளறுன எடத்துல எல்லாம் மொளைக்குமே அது."

"எம்பொண்ணு எங்கன்னு நீயாவது சொல்லுடா" என்று அவன் கையைப் பிடித்தேன். அவனுக்கும் நினைவில்லை.

பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அவரவர் தங்கள் வீட்டார் குழியருகே நின்றார்கள். நான் கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எந்த மேட்டுக்கு அடியில்டி நனைந்துகொண்டிருக்கிறாய்?